பழைய பொம்மை டாங்கியைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழஞ்சாமான் கடைகளில் இனாமல் கேரியர், பீங்கான் சாடி, பர்மா தேக்குச் சட்டம் இவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன ராணுவ வண்டிகளும் கிடக்கின்றன. டாங்கி, கவச வண்டி, பீரங்கி இழுக்கும் லாரி, ஜீப் எனப் பல வகை. ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கொண்டுவிற்கப் போன குடும்பங்களின் பிள்ளைகள் விளையாடியவை. பரணை ஒழிக்கும்போது கிலோக் கணக்கில் கடைக்கு வருகின்றன.

அதன்பிறகு அவற்றுக்கு நடப்பதைப் பற்றித்தான் இக்கடிதம். பித்தளைக் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். பிறகு கார் பெயின்ட் ஸ்ப்ரேயில் ஒரு பச்சை அடித்து, தொலைந்த சக்கரத்துக்கு வேறெதையோ ஒட்டி, ‘புத்தம்புதுசு போல’ என்று விற்கிறார்கள். முட்டைச் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் எமல்ஷன் அடித்தால் செட்டிநாட்டு வீட்டுக்காரர் யாரும் பொறுக்க மாட்டார். இங்கே நடப்பதும் அதுதான். பழுது பார்ப்பதற்கு நாங்கள் எதிரிகளல்ல. இருப்பதைச் சுரண்டாமல், இல்லாததை மட்டும் சேர்த்து, சேர்த்ததைப் பின்னால் கழற்றவும் வழி வைத்துப் பழுது பார்க்கலாம். வேண்டிய சாமான்களில் பெரும்பாலானவை இந்த ஊரிலேயே கிடைக்கும்.

வண்டி எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். காந்தம் உடம்பில் ஒட்டினால் தகரம். ஒட்டாமல் கையில் கனமாக இருந்தால் துத்தநாக வார்ப்பு. இதிலும் ஆக்ஸில் இரும்பு என்பதால் அங்கு மட்டும் காந்தம் பிடிக்கும். இலேசாக இருந்து ஒட்டுவாய்கள் தெரிந்தால், உறுப்பு உறுப்பாக வாங்கி ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. தகரப் பொம்மையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதன் படம் தகட்டிலேயே அச்சிட்டது, போனால் திரும்ப வராது. ஈரத்துணிகூட வேண்டாம், உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டு, நிறமற்ற மெழுகை மெலிதாகப் பூசி நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே அதிகம் அகப்படுவது துத்தநாக வார்ப்புதான். அடிப்பக்கத்தைத் திருப்பினால் டிங்கி டாய்ஸ், மெக்கானோ, மேட் இன் இங்கிலாந்து என்ற எழுத்துகள் பெரும்பாலும் புடைத்து நிற்கும். லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ கம்பெனியின் சரக்கு அது. கம்பெனியின் பட்டியல் எண்ணோடு சொன்னால், 651 செஞ்சூரியன் டாங்கி, 621 மூன்று டன் லாரி, 670 கவச வண்டி, 674 ஆஸ்டின் சாம்ப் என்ற ஜீப் வகை வண்டி எல்லாம் 1954-இல் வெளிவந்தவை. செஞ்சூரியன் சுமார் 15 செ.மீ. நீளம், அசலில் ஏறக்குறைய 60-இல் ஒரு பங்கு.

இந்த வார்ப்பில் பெரும்பங்கு துத்தநாகம், ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியம். துத்தநாகத்தைப் புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் கரைக்கும். பித்தளையில் பளபளப்பு தரும் அதே புளி இங்கே மேற்பரப்பை அரித்துக் கருஞ்சாம்பலாக்கிவிடும். பெயின்ட் எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். காரமும் துத்தநாகத்தைக் கரைக்கும். குமிழி கிளம்புவது பெயின்டிலிருந்து அல்ல, உலோகத்திலிருந்து. உலோக அரிப்பையும் ஆராயும், 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் (சிக்ரி) இருக்கும் ஊர் இது என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

சரியான கழுவல் இதுதான்: கைபொறுக்கும் சூட்டில் அரை லிட்டர் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மென்மையான பல் தூரிகை. ஊறவைக்க வேண்டாம். ஸ்டிக்கரோ எண்ணோ ஒட்டியிருக்கும் இடத்தைத் தொட வேண்டாம். உடனே துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு நாள் வையுங்கள். அடித்தகட்டுக்குள் தண்ணீர் நின்றால் ஆக்ஸில் துருப்பிடித்துச் சக்கரம் இறுகிவிடும்.

மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பதற வேண்டியதில்லை. அது மேற்பரப்போடு நிற்பது, உலர் தூரிகைக்கே போகும். பயப்பட வேண்டியது வெடிப்பைக் கண்டு. வரைபடக் கோடுபோல மெல்லிய வெடிப்புகள், ஓரம் வளைவது, உடம்பு உப்பி அடித்தகடு பொருந்தாமல் போவது, இவை தெரிந்தால் உலோகத்துக்குள்ளேயே நோய். வார்க்கும்போது ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டிக் கலந்தாலே, வெப்பமும் ஈரமும் சேரும்போது துத்தநாகம் மணிமணியாகப் பிரியத் தொடங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளில் இது சகஜம். மருந்து கிடையாது. திறக்கவும் துளைக்கவும் முயலாதீர்கள், கையில் நொறுங்கும். உலர்ந்த இடத்தில் தனியாக வைத்து அளவெடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு வண்டிக்கு உறுப்பு செய்ய அந்த அளவு பயன்படும். இது ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்று கடைக்காரர்கள் சொல்வது சரியல்ல.

திறப்பது எப்படி? அடித்தகடு பெரும்பாலும் வார்ப்பின் முளையைத் தட்டிப் பரப்பி இறுக்கியதாக இருக்கும். உளி வைத்து நெம்பினால் முளை வேரோடு வந்துவிடும். முளையின் தலை நடுவில் சிறு குழி குத்தி, 3 மி.மீ. துளைப்பான் வைத்துத் தலையை மட்டும், தகடு விடுபடும் வரை, கையால் சுற்றி எடுங்கள். மூடும்போது முளையில் 1.6 மி.மீ. துளை 4 மி.மீ. ஆழம் போட்டு, மரை வெட்டும் 2 மி.மீ. டேப் கருவியை ஓட்டி, ஸ்க்ரூ முடுக்கலாம். துத்தநாகம் துளைப்பானில் அப்பிக்கொள்ளும் என்பதால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடையுங்கள். அப்படிச் செய்யாமல்தான் துளைப்பான் உள்ளேயே ஒடிகிறது. இந்தச் சிறு துளைப்பான், அதைக் கையால் சுற்றப் பிடிக்கும் பின்வைஸ், ஊசி அரம், ரம்பக் கம்பி எல்லாம் நகைப்பட்டறைச் சாமான் கடையில் கிடைக்கும். ஆன்லைனில் தேட வேண்டாம். சக்கரம் நன்றாகச் சுற்றினால் வண்டியைத் திறக்கவே திறக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. அசல் முளைத்தலையும் ஒரு சாட்சி.

முதலில் தொலைவது ரப்பர். செஞ்சூரியனின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையான டிராக் காலப்போக்கில் இறுகி, விரிசல் விட்டுத் துண்டாகிவிடும். இங்கிலாந்திலிருந்து மாற்று டிராக் தபாலில் வரும். அதுவரைக்கும் சைக்கிள் டியூப் போதும். ஒரு நூலைச் சக்கரங்களைச் சுற்றி அளந்து, அதில் நூற்றுக்கு மூன்று பங்கு குறைத்து வெட்டுங்கள். அதற்கு மேல் குறைத்தால் இழுவையில் ஆக்ஸில் வளையும். முனைகளை நேராக வெட்டி ஒட்டினால் வளையும் இடத்தில் பிளக்கும். 45 பாகைச் சாய்வில் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்து, ஃபெவிக்விக் ஒரு சொட்டு. ஒட்டுவாய் அடிப்பக்கம் வரும்படி சுற்றிவிடுங்கள். லாரி, கவச வண்டிக்கு டயர் போயிருந்தால் சக்கரக் குழியின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, பம்ப் செட் உதிரிக் கடையில் அதே உள்விட்ட ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் வாங்கலாம். அதில் அசல் டயரின் பட்டன் அச்சு இருக்காது. ஆனாலும் வண்டி நிற்கும், விளிம்பு தேயாது.

ஆக்ஸிலைக் கவனியுங்கள். போருக்கு முந்தைய டிங்கியில் சுமார் 1.6 மி.மீ. கம்பி, பிந்தையதில் 2 மி.மீ. மெல்லிய கம்பி வண்டிக்குத் தடித்ததைப் போடத் துளையை அகலப்படுத்தினால், அந்த வண்டியின் வயதைச் சொல்லும் அடையாளம் ஒன்று அழிந்துபோகிறது.

அடுத்தது பீரங்கிக் குழல். டாங்கி பொம்மை தலைகுப்புற விழுந்தால் முதலில் ஒடிவது அதுதான். ஒடிந்த துண்டு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஈயம் வைக்கச் சொல்லாதீர்கள். இந்த வார்ப்பு 380 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கும். ஈயம் வைக்கும் பற்றுக்கோல் முனையின் சூடும் ஏறக்குறைய அதே அளவுதான். ஈயம் ஒட்டாது, குழல் மட்டும் உருகும். இரு துண்டிலும் நடுவில் 1 மி.மீ. துளை, 4 மி.மீ. ஆழம், உள்ளே 0.9 மி.மீ. பித்தளைக் கம்பி, ஒட்டுவதற்கு சாதாரண அரால்டைட். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், நேர்ப்படுத்த அவகாசம் தராது. இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு பிதுக்கி ஒரு நிமிடம் நன்றாகக் கலந்து, முனைகளை ஸ்பிரிட்டால் துடைத்துச் சேர்த்து, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பிதுங்கிய பசையை ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் அரம் வேண்டியதில்லை. நாளை ஒருவர் கழற்ற நினைத்தால் கொதிநீரில் சிறிது நேரம் பிடித்தால் பசை இளகும். ஃபெவிக்விக் இந்த இடத்துக்கு ஆகாது: அதிர்ச்சி தாங்காது, மூடிய பெட்டிக்குள் வெள்ளையாகப் பூத்துச் சுற்றியுள்ள பெயின்டையும் மங்கச் செய்யும். ஒடியாமல் வளைந்து மட்டும் இருக்கும் குழலை வளைந்தபடியே விட்டுவிடுங்கள். குளிர்ந்த நிலையில் நிமிர்த்த முயன்றால் ஒடிவது உறுதி.

லாரியின் தகரக் கூடாரம் தொலைந்திருந்தால் எண்ணெய் டின் தகடு 0.3 மி.மீ. கனத்தில் சரியாக இருக்கும். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிறகு தகட்டில் வரையுங்கள். வளைவைக் கையால் மடிக்காமல் உருண்டையான பேனா உடம்பின் மேல் வைத்து அமுக்குங்கள். ஸ்டியரிங் சக்கரம், ஓட்டுநர் பொம்மை போன்ற சின்ன உறுப்புகளுக்கு எம்-சீல் நல்லது.

இனி பெயின்ட். அசல் பூச்சு பாதிக்கு மேல் இருந்தால் மறுபூச்சு கூடாது. சொட்டைகள் இருக்கட்டும். பூச்சே போய் வெறும் உலோகமாக வந்தவற்றுக்கு மட்டும் இந்த முறை. சாதாரண எனாமலோ ரெட் ஆக்சைடோ வெறும் துத்தநாகத்தில் நிற்காது. எனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசின் துத்தநாகத்தோடு வினைபுரிந்து, இடையில் சோப்புப் படலம் உண்டாகி, ஓராண்டுக்குள் செதில் செதிலாக உரியும். பாலிஷ் சரியில்லை, கை எண்ணெய் பட்டுவிட்டது என்றெல்லாம் கடையில் சொல்வார்கள், காரணம் இதுதான். 600 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, கார் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும், உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் அடிப்பூச்சான எட்ச் பிரைமரை ஒரே ஒரு மெல்லிய கோட் அடிக்க வேண்டும். அதன்மேல் எனாமல் நிற்கும். நிறத்துக்கு ஹார்டுவேர் கடையில் இருக்கும் இந்தியத் தர (ஐ.எஸ். 5) வண்ண அட்டையில் 220 ஆலிவ் பச்சையும் 224 ஆழ்ந்த வெண்கலப் பச்சையும் பாருங்கள். பிந்தையது போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ராணுவம் அசல் வண்டிகளுக்கு அடித்த நிறத்தின் எண்ணும்கூட. டிங்கியின் பச்சை இரண்டோடும் அப்படியே ஒத்துப்போகாது. அடித்தகட்டின் உட்புறத்தில் வெயில் படாமல் தங்கியிருக்கும் பூச்சை வைத்துக் கலக்க வேண்டும்.

பருவமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்ப்ரே அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் ஈரம் படிந்து பூச்சு பால்போல் வெளுக்கும். சித்திரை உச்சிவெயிலில் அடித்தால் துளி வண்டியைத் தொடுமுன்பே காய்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். தை, மாசிக் காலைகள் இந்த வேலைக்கென்றே அமைந்தவை.

பிளாஸ்டிக் கிட்டில் சட்டமே வேறு. அதன் பெயின்ட் கம்பெனியுடையது அல்ல, ஒட்டியவர் அடித்தது, வேண்டுமானால் எடுக்கலாம். ஆனால் கார் தின்னர் பக்கம் போகாதீர்கள். பாலிஸ்டைரீன் அதில் கரைந்து, ரிவெட் வரிசை எல்லாம் மழுங்கிவிடும். அக்ரிலிக் பூச்சுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், எனாமலுக்கு நீர் கலக்காத டெட்டாலில் ஓர் இரவு. டெட்டாலில் ஊறியதைத் தண்ணீரில் காட்டினால் பெயின்ட் பிசினாகி அப்பிக்கொள்ளும். டெட்டாலிலேயே தேய்த்து முடித்து, கடைசியில்தான் சோப்புத் தண்ணீர்.

உறுப்பு தேடுமுன் எந்த வண்டி என்று உறுதிசெய்யுங்கள். ஒரு பக்கத்துக் கீழ்ச்சக்கரங்களை எண்ணினாலே பாதி தெரியும். சோவியத் டி-55 டாங்கிக்கு ஐந்து, முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இடைவெளி அதிகம். செஞ்சூரியனுக்கு ஆறு, இரண்டிரண்டாக மூன்று தொகுதி. ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கிக்கும் ஆறுதான். ஆனால் அது முறுக்குத் தண்டு (டார்ஷன் பார்) அமைப்பு, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி. ‘ஆறு ஆறுக்குச் சரி’ என்று செஞ்சூரியனின் தொகுதியை விஜயந்தாவுக்கு மாட்டினால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். அமெரிக்க டாங்கியான ஷெர்மன் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் எல்லா ஷெர்மனும் ஒன்றல்ல. 1945-இல் பர்மாவின் மெய்க்திலாவில் 255-ஆவது இந்திய டாங்கிப் பிரிகேட் ஓட்டிய எம்4ஏ4 வகை ஷெர்மனில் ஐந்து கார் எஞ்சின்களை இணைத்த 30 சிலிண்டர் எஞ்சின். அதற்கு இடம் கொடுக்க உடம்பு நீண்டு, சக்கரத் தொகுதிகள் விலகி நிற்கும். டிராக் பக்கத்துக்கு 83 இணைப்பு. மற்ற ஷெர்மன்களில் 79. வேறொரு ஷெர்மனின் டிராக்கை இதற்குச் சுற்றினால் நான்கு இணைப்பு குறையும். கிட் பழுது என்று நினைத்து இழுத்து ஒட்டியவர்கள் உண்டு.

பீரங்கிக் குழலுக்குக் கணக்கு எளிது: கிட் அசலில் எத்தனையில் ஒரு பங்கோ, அந்த எண்ணால் அசல் விட்டத்தை வகுத்தால் போதும். செஞ்சூரியனின் ‘20 பவுண்டர்’ பீரங்கியின் துவாரம் 84 மி.மீ.; 35-இல் ஒரு பங்கில் 2.4, 72-இல் ஒரு பங்கில் 1.17. பின்னால் வந்த 105 மி.மீ. பீரங்கி 35-இல் ஒரு பங்கில் 3 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிக்கு மருந்துக்கடைப் புது ஊசி உதவும்: 18 கேஜ் வெளிவிட்டம் 1.27, 21 கேஜ் 0.82, 23 கேஜ் 0.64 மி.மீ. கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கும். அரத்தின் விளிம்பின் கீழ் உருட்டிக் கோடு போட்டு ஒடிக்க வேண்டும்.

சக்கரம், பெட்டி, கொக்கி போன்றவற்றை இருப்பதிலிருந்து படியெடுக்கலாம். ஒருபக்க அச்சு போதுமானால் எம்-சீல் பிசைந்து, அசல் உறுப்பில் முகப்பவுடர் தடவி அமுக்கி, இறுகியதும் எடுத்து, அந்தக் குழியில் மறுபடி பவுடர், மறுபடி எம்-சீல். முழு உருண்டைக்கு, அறைச் சூட்டிலேயே ரப்பராக இறுகும் ஆர்.டி.வி. சிலிக்கான். 100 கிராமுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 கிராம் இறுகவைக்கும் கடுப்பான் என்று டப்பாவில் இருக்கும். நம் வெயிலுக்கு அதன் கீழளவே சரி, இல்லையென்றால் ஊற்றும்போதே கட்டியாகும். தடுப்புக்குக் கந்தகம் கலந்த குழந்தைக் களிமண் வைத்தால், பிளாட்டினம் வகைச் சிலிக்கான் களிமண்ணைத் தொட்ட இடமெல்லாம் இறுகாமல் பிசுபிசுக்கும். இன்னொரு பொறி: இடப்பக்க மட்கார்டிலிருந்து படியெடுத்தால் வருவதும் இடப்பக்கமே. வலப்பக்கத்துக்குப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டித்தான் செய்ய வேண்டும், அல்லது அளவெடுத்துக் கணினியில் திருப்பி முப்பரிமாண அச்சில் எடுக்க வேண்டும்.

அந்தத் தகட்டுக்குப் பழைய ஏ.டி.எம். கார்டு ஆகாது. அது பி.வி.சி.; கிட் பசை அதைக் கரைத்து இணைக்காது. அடியில் முக்கோணத்துக்குள் 6, பி.எஸ். என்று போட்ட டப்பாக்கள் பாலிஸ்டைரீன், அவற்றை வெட்டிக்கொள்ளலாம். கிட்டில் உறுப்புகள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத்தை எறியாதீர்கள். மெழுகுவர்த்திச் சுடருக்கு இரண்டு விரல் மேலே காட்டி, நடு இளகியதும் வெளியே எடுத்து இழுத்தால் ஆன்டெனா கம்பி தயார். சுடருக்குள்ளேயே பிடித்தால் தீப்பற்றும்.

சக்கரங்கள் ‘உருகி’ வரும் கிட்டுகளைக் கடைக்காரர்கள் தீ விபத்து என்கிறார்கள். அது தீயல்ல. பழைய மென்வினைல் டிராக்கிலிருந்து கசியும் எண்ணெய், தொட்ட இடத்தில் பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. பரண் சூடு அதை விரைவுபடுத்துகிறது. டிராக்கைக் கழற்றித் தனிக் கவரில் போடுங்கள். மாட்டித்தான் வைக்க வேண்டுமென்றால் இடையில் மெல்லிய அலுமினியத் தாள். பாச்சை உருண்டையும் அதே பெட்டியில் வேண்டாம். அதன் ஆவியும் பாலிஸ்டைரீனை இளக்கும். காற்றோட்டமில்லாத மரப்பெட்டகமும் உலோக வண்டிக்கு நல்லதல்ல, மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். அதைவிடக் கண்ணாடி அலமாரியே நல்லது.

விற்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். சேர்த்த உறுப்பு எது, எந்த ஆண்டு, எந்தப் பசை என்று ஒரு சீட்டு எழுதி வண்டியோடு கொடுங்கள். சேர்த்த உறுப்பின் உட்புறத்தில் ஆண்டைக் கீறிவிடுங்கள். வாங்குபவர்களும் சீட்டு இல்லாமல் ‘புத்தம்புது’ டிங்கிக்கு விலை பேசாதீர்கள். ஒடிந்த குழலோடும் சொட்டை பெயின்டோடும் இருப்பதற்குச் சேகரிப்போர் கூடுதலாகவே தருவார்கள்.

பரண் ஒழிப்பவர்களுக்கு: பொம்மையை எடுத்துவிட்டு, அது கிடந்த பெட்டியின் தூசியை அப்படியே குப்பையில் கொட்டாதீர்கள். வெள்ளைத் துணியில் தட்டி, மாவு சல்லடையில் சலித்துப் பாருங்கள். ஒடிந்த குழல் முனை, ஸ்டியரிங், ஓட்டுநரின் தலை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். கிடைத்ததை ஒரு சிறு கவரில் போட்டு வண்டியோடு கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறு மாதிரி வண்டிகள் பழுதுபார்ப்போர் சிலர்,
காரைக்குடி, தேவகோட்டை